செவ்வாய்த் தோஷமும் செவ்வாயில் ஓடிய ஆறும்

(சீரங்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



செவ்வாய்க் கிரகத்தில் முன்னொரு காலத்தில் தண்ணீர் ஓடியதா, அங்கே உயிர் என்பதாக ஏதாவது இருந்ததா என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நோட்டீசைப் பார்த்த தோழர் ஒருவர் இன்று காலையில் என்னை வழிமறித்து, "ஏனய்யா, கோடை வந்தால் காவிரியிலேயே தண்ணீரைக் காணோம், செவ்வாயில் தண்ணீர் ஓடினால் நமக்கென்ன, ஓடாவிட்டால் நமக்கென்ன?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கிரகத்தைத் தேடி நாம் போகவில்லை, அதுதான் நம் வீடு தேடி வந்து, பெண் பிள்ளைகளின் ஜாதகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. ஆகையால் அது எப்படிப்பட்ட ஆசாமி என்று விசாரிக்க நமக்குப் பாத்தியதை உண்டு.

என் தங்கைக்கு ஒரு பெண். படித்து, உத்தியோகம் பார்த்து, தன் சம்பாத்தியத்தில் தம்பியையும் படிக்க வைத்தவள். வயது 31. வந்த வரன்கள் ஏழு. ஏழும் ஜாதகத்தைக் கொடுத்தனுப்பியதோடு சரி. காரணம், லக்னத்துக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய் இருக்கிறதாம், கட்டினவன் பிழைக்கமாட்டானாம். என் தங்கை வைத்தீசுவரன் கோவிலுக்கு மூன்று முறை போய்ப் பரிகாரம் செய்துவிட்டு வந்தாள். பிறகு வேறொரு ஜோதிடரிடம் போனாள். அவர் அதே ஜாதகத்தைப் பார்த்து, "செவ்வாய் சொந்த வீட்டில் இருக்கிறது, தோஷமே கிடையாது" என்றார். அப்படியானால் முந்தினவர் சொன்னது பொய்தானே என்று கேட்டால், அது அவருடைய அபிப்பிராயமாம். ஒரு பெண்ணின் பத்து வருஷ வாழ்வு இரண்டு பேருடைய அபிப்பிராயங்களுக்கு நடுவில் போய்விட்டது.

நான் முதல் ஜோதிடரை ஒரு நாள் ராத்திரி எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கிழக்கே சிவப்பாக, மினுக்காமல் ஒன்று நின்றது. "ஐயா, அது என்ன?" என்று கேட்டேன். "ஏதோ நட்சத்திரம்" என்றார். அதுதான் செவ்வாய் என்றேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், "எனக்குப் பஞ்சாங்கத்தில் இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். பஞ்சாங்கக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. கிரகம் இன்ன நாளில் இன்ன இடத்தில் இருக்கும் என்பது கணிதம், அது சரியாகவே இருக்கலாம். அங்கே இருந்துகொண்டு அது ஒரு பெண்ணின் தாலியை அறுக்கும் என்பதற்குத்தான் கணக்கும் இல்லை, சாட்சியும் இல்லை.

இன்னொரு சங்கதியையும் யோசித்துப் பாருங்கள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். இருப்பது 12 வீடு, அதில் 5 வீடு தோஷம். அதாவது இங்கே 120 பேர் உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய 50 பேர் தோஷக்காரர்கள். இது போதாதென்று சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி எண்ணினால் தோஷமில்லாத ஆளைக் கண்டுபிடிக்க டமாரம் அடித்துத்தான் தேட வேண்டும்!

நிற்க. கிரகத்தின் உண்மையான யோக்கியதைக்கு வருவோம். செவ்வாய் நமது பூமியைப் போல ஒரு உருண்டை. குறுக்களவு சுமார் 6,780 கிலோமீட்டர், அதாவது பூமியில் பாதிக்குச் சற்று மேல். அதன் ஒரு நாள் நமது நாளைவிட 40 நிமிஷம்தான் கூடுதல். சூரியனை ஒரு முறை சுற்றி வர நமது கணக்கில் 687 நாள் ஆகிறது. சிவப்பாக இருப்பதற்குக் காரணம் கோபமும் அல்ல, ரத்தமும் அல்ல. இரும்புத் துரு. கொல்லையில் போட்டுவைத்த பழைய மண்வெட்டியில் பிடிக்கிற அதே துருதான் அந்தக் கிரகம் முழுவதும் தூசியாகப் படிந்து கிடக்கிறது. காற்று நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, இருப்பதிலும் 100க்கு 95 பங்கு கரியமில வாயு. இவ்வளவு மெல்லிய காற்றின் கீழே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அது நிலைத்து நிற்காது, கொஞ்சம் உறையும், மீதி ஆவியாகிப் போகும். ஐஸ் உண்டு. 2008ம் வருஷம் அமெரிக்கர்களின் பீனிக்ஸ் என்ற யந்திரம் வடதுருவப் பக்கத்தில் மண்ணைச் சுரண்டியபோது வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன, நாலு நாளைக்குள் அவை மறைந்துபோயின. உப்பாயிருந்தால் மறையாது. ஆகவே அது ஐஸ்தான் என்று முடிவு செய்தார்கள். ஆனால் இன்று அங்கே ஆறும் குளமும் கிடையாது.

அப்படியானால் முன்பு ஆறு ஓடியது என்று எப்படிச் சொல்லுகிறார்கள்? பார்த்தவன் யார்? இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் செவ்வாய்க்குப் போக வேண்டாம், கொள்ளிடத்துக்குப் போனால் போதும். அங்கே ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தடவிப் பாருங்கள். மலையில் உடைந்த கல் கத்தி போல் முனையாக இருக்கும். ஆற்றில் உருண்ட கல் முட்டை போல் வழவழப்பாக இருக்கும். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத பங்குனி மாதத்தில் வெளியூர்க்காரன் ஒருவன் வந்து பார்த்தாலும், இங்கே வெள்ளம் போயிருக்கிறது என்று கல்லைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

கல்லைப் பார்த்துத் தண்ணீரைச் சொல்லுவதற்கு நம் ஜில்லாவைப் போன்ற இடம் வேறு இல்லை. பாடாலூர்ப் பக்கத்தில் காரை என்று ஒரு கிராமம். வறண்ட, செடிகொடி அதிகமில்லாத, வெடித்துப் பிளந்த பூமி. அங்கே மண்ணைக் கிளறினால் கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள் கல்லாகக் கிடைக்கின்றன. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடு, அம்மோனைட் என்று பெயர், கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன்னால் அந்த இடம் கடல். பழைய திருச்சி ஜில்லாவிலேயே பெரம்பலூருக்குப் பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாய்ப் படுத்துக் கிடக்கிறது. அதை 1940ம் வருஷம் எம். எஸ். கிருஷ்ணன் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்ற நம்மூர்ப் பெயர்களே இந்தப் பாறை அடுக்குகளுக்குப் பெயராக விஞ்ஞானப் புத்தகங்களில் அச்சாகியிருக்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெருமாள் எந்த வாகனத்தில் எந்த நாளில் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெருமாளைச் சொன்னதும் சாளக்கிராமம் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் அதைப் பெட்டிக்குள் வைத்துத் திருமஞ்சனம் செய்கிறார்கள். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கிற கறுப்புக் கல். உள்ளே சக்கரம் இருக்கிறதாம், அது விஷ்ணுவின் சக்கரமாம். தோழர்களே, அந்தச் சக்கரம் நான் சொன்ன அம்மோனைட்டின் ஓடுதான்! இமயமலை கிளம்புவதற்கு முன்னால் அங்கே கடல் இருந்தது, அந்தக் கடலில் வாழ்ந்து செத்த பிராணி அது. கல்லைக் கும்பிட்டவர்கள் ஆயிரம் வருஷம் கும்பிட்டார்கள், கும்பிட்டதோடு நின்றுவிட்டார்கள். கடற்பிராணி மலைமேல் ஏன் வந்தது என்று கேட்டவனுக்கு மட்டும், கடல் மலையான சரித்திரம் கிடைத்தது. கும்பிடுகிறவர் மனதைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. கையில் இவ்வளவு பெரிய சாட்சியை வைத்துக்கொண்டு அதை விசாரிக்காமல் விட்டோமே என்றுதான் சொல்லுகிறேன்.

செவ்வாயிலும் இதே விசாரணைதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் விஞ்ஞானிகளும் ஏமாந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. 1877ல் இத்தாலியில் ஸ்கியாபரெல்லி என்பவர் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்து, செவ்வாயில் கோடுகள் தெரிகின்றன என்று படம் போட்டார். தம் பாஷையில் "கனாலி" என்று எழுதினார், ஓடைகள் என்று பொருள். இங்கிலீஷில் அதை வெட்டப்பட்ட கால்வாய்கள் என்று ஆக்கிவிட்டார்கள். கால்வாய் இருந்தால் வெட்டினவன் இருக்க வேண்டுமல்லவா? அமெரிக்காவில் லோவல் என்ற பணக்காரர் 1894ல் தம் செலவில் ஒரு வானாராய்ச்சிக் கூடமே கட்டி, கால்வாய்களை எண்ணி, செவ்வாய்க் குடிகளின் பாசனத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிவிட்டார். 1965ல் மாரினர்-4 பக்கத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பியது. கால்வாயும் இல்லை, குடியும் இல்லை, அம்மைத் தழும்பு போலக் குழிகள்தான் இருந்தன. விஞ்ஞான உலகம் லோவலின் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு மேலே போயிற்று. புராணத்துக்கு இந்தக் கதி வந்தால் பாஷ்யம் எழுதி முட்டுக் கொடுப்பார்கள்.

ஆள் வெட்டிய கால்வாய் பொய்யாய்ப் போனாலும், தானாக ஓடிய ஆறு பொய்யாகவில்லை. 1971ல் போன மாரினர்-9 வற்றிப்போன ஆற்றுப் படுகைகளைப் படம் பிடித்தது. 2012ல் கியூரியாசிட்டி என்ற யந்திர வண்டி கேல் என்ற பெரும்பள்ளத்தில் இறங்கிய சில வாரங்களுக்குள், உருண்டையான கூழாங்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற பாறையைக் கண்டது. காற்று தள்ளிக்கொண்டு போகக்கூடிய அளவைவிட அவை பெரியவை. ஆகவே உருட்டியது தண்ணீர்தான். கல்லின் பருமனைக் கொண்டு கணக்குப் போட்டு, தண்ணீர் கணுக்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட ஆழத்தில், மனிதன் நடக்கிற வேகத்தில் ஓடியிருக்கிறது என்றும் சொன்னார்கள். நம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நல்ல காலத்தில் ஓடுகிற அளவுதான். ஆனால் ஓடியது முந்நூறு கோடி வருஷங்களுக்கு முன்னால்!

அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? செவ்வாய்க்கு ஒரு காலத்தில் பூமியைப் போல் காந்த சக்தி இருந்தது. அது சுமார் 400 கோடி வருஷங்களுக்கு முன் அணைந்துபோயிற்று. பிறகு சூரியனிலிருந்து வீசுகிற துகள்கள் அதன் காற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக அரித்துவிட்டன. காற்று போனதும் தண்ணீரில் ஒரு பங்கு ஆகாயத்தில் போயிற்று, ஒரு பங்கு ஐஸாயிற்று, ஒரு பங்கு பாறைக்குள் புகுந்துகொண்டது. ஒரு உலகம் வறண்டு செத்த கதை இது. ஆற்றை நம்பிப் பிழைக்கிற நாம் சற்று நின்று கேட்க வேண்டிய கதை.

இப்போது 2021க்கு வருகிறேன். அந்த வருஷம் பிப்ரவரி 18ந் தேதி பெர்செவரன்ஸ் என்ற இன்னொரு வண்டி, மோட்டார்க் கார் பருமன் உள்ளது, ஜெசரோ என்ற பள்ளத்தில் இறங்கியது. பள்ளத்தின் குறுக்களவு 45 கிலோமீட்டர், இங்கிருந்து தஞ்சாவூர் போகிற தூரத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பு அது ஏரி. மேற்கேயிருந்து ஒரு ஆறு அதில் விழுந்து, மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, விசிறி போல ஒரு படுகையை உண்டாக்கியிருக்கிறது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது, கல்லணைக்குக் கீழே இன்னும் பலவாகப் பிரிந்து தஞ்சைச் சீமையில் வண்டலைப் பரப்புகிறது. இதைப் பார்த்துப் பழகினவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினால் விளக்கமே வேண்டாம். அந்தப் படுகையின் மேல் அடுக்கில் பெரிய பெரிய பாறாங்கற்கள் கிடக்கின்றன. மெதுவாக ஓடும் தண்ணீர் அவற்றைப் புரட்டாது, பெருவெள்ளம் வந்திருக்கிறது என்கிறார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் வெள்ளத்தின் பலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வண்டியின் கைநுனியில் ஒரு கருவி இருக்கிறது. பெயர் ஷெர்லாக். பாறையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒளியை வீசி, திரும்பி வருகிற ஒளியைப் பரிசோதித்து, பாறைக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று சொல்லுகிற கருவி. இந்த வித்தைக்கு உலகம் முழுவதும் ராமன் முறை என்று பெயர். எந்த ராமன்? வில்லை ஒடித்த ராமன் அல்ல. இதோ, நாம் கூடியிருக்கிற இடத்துக்கு நடந்துபோகிற தூரத்தில், திருவானைக்காவலில் 1888ம் வருஷம் நவம்பர் 7ந் தேதி பிறந்த சி. வி. ராமன்!

திருவானைக்காவலைப் பஞ்சபூதத் தலங்களில் அப்புத்தலம், தண்ணீருக்குரிய தலம் என்று சொல்லுகிறார்கள். லிங்கத்தடியில் எப்போதும் தண்ணீர் ஊறுவது ஈசுவர மகிமை என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற தீவிலே பள்ளமான இடத்தில் தண்ணீர் ஊறாமல் எண்ணெயா ஊறும்? அது கிடக்கட்டும். அந்த ஊரில் பிறந்தவர் தண்ணீரைப் பார்த்து வேறு விதமான கேள்வி கேட்டார். 1921ல் கப்பலில் சீமைக்குப் போய்த் திரும்பியபோது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தார். வானத்தின் நிழல் என்று அதுவரை பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் ராலே பிரபு, நோபல் பரிசு பெற்ற மேதை. பெரியவர் சொல்லிவிட்டாரே என்று இவர் கைகட்டி நிற்கவில்லை. சிறிய கண்ணாடிக் கருவி ஒன்றைக் கொண்டு வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். அதிலிருந்து ஏழு வருஷம் திரவங்களில் ஒளியை விட்டு விட்டுப் பார்த்து, 1928 பிப்ரவரி 28ல் கே. எஸ். கிருஷ்ணன் உதவியோடு தம் பெயரால் வழங்குகிற உண்மையைக் கண்டுபிடித்தார். 1930ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த உண்மை என்னவென்றால், சந்தையில் சட்டி வாங்குகிற அம்மாள் சட்டியைத் தட்டிப் பார்க்கிறாள் அல்லவா, அதுபோல. நல்ல சட்டிக்கு ஒரு நாதம், விரிசல் விட்டதற்கு ஒரு நாதம், வெண்கலத்துக்கு ஒரு நாதம். ஒரே நிறமுள்ள ஒளியால் ஒரு பொருளைத் "தட்டினால்" பெரும்பாலும் அதே நிறம்தான் திரும்பி வருகிறது. ஆனால் கோடியில் ஒரு பங்கு போல மிகச் சொற்பமான ஒளி மட்டும் நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் அணுக்கட்டைப் பொறுத்தது. ஆகவே மாறின நிறத்தைப் பார்த்து, இது கரி, இது சுண்ணாம்பு, இது ஜிப்சம் என்று தொடாமலே சொல்லிவிடலாம்.

ராமன் எந்த வகுப்பில் பிறந்தவர் என்று ஒரு தோழர் கேட்கலாம். நமக்குத் தெரியும். அதனால் இந்த உண்மைக்கு ஏற்றமும் இல்லை, தாழ்வும் இல்லை. அதே 1928ல் மாஸ்கோவில் லான்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்ற இருவர், இவரோடு யாதொரு சம்பந்தமும் இல்லாமல், அதே காரியத்தைப் பளிங்குக் கல்லில் கண்டார்கள். யார் செய்தாலும் அதேதான் வரும். மந்திரத்தை இன்னார்தான் சொல்ல வேண்டும், இன்னார் கேட்கவே கூடாது என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒளி பூணூலைப் பார்த்து நிறம் மாறுவதில்லை.

இந்த ஷெர்லாக் கருவியின் தூசி மூடி 2024 ஜனவரியில் பாதி திறந்தபடி மாட்டிக்கொண்டது. ரிப்பேர் செய்ய அங்கே ஆளா இருக்கிறான்? பல கோடி கிலோமீட்டருக்கு இப்பாலிருந்து, கையை ஆட்டி, அசைத்து, சூடேற்றி, மாதக்கணக்கில் பாடுபட்டுச் சில மாதங்களில் மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். அந்த ஜூலையிலேயே, ஜெசரோ ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தில் சேயாவா நீர்வீழ்ச்சி என்று பெயரிட்ட ஒரு பாறையைக் கண்டார்கள். அது சேறு கல்லான பாறை. அதன்மேல் சிறுத்தைத் தோலில் உள்ளது போலப் புள்ளிகள், வெளிறின நடு, கறுத்த ஓரம். ராமன் முறைப்படி பார்த்ததில் அந்தச் சேற்றுப் பாறையில் கரிச்சத்து உண்டு என்று தெரிந்தது. மற்றொரு கருவி, புள்ளிகளில் இரும்பும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த இரண்டு கனிமங்கள் இருக்கலாம் என்று காட்டியது. விவியனைட், கிரெகைட் என்று அவற்றுக்குப் பெயர்.

இதில் என்ன விசேஷம் என்றால், குளத்தைத் தூர் வாரும்போது அடியில் கறுப்புச் சேறு வருகிறதே, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், செத்த இலை தழையைத் தின்று, நாம் பிராணவாயுவைச் சுவாசிப்பதற்குப் பதிலாக இரும்பையும் கந்தகத்தையும் கொண்டு பிழைக்கின்றன. அவை விட்டுப்போகிற மிச்சம்தான் இப்படிப்பட்ட கனிமங்கள். செவ்வாயின் ஏரிச் சேற்றிலும் அப்படி ஏதோ பிழைத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி.

கேள்வி என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். 2025 செப்டம்பர் 10ந் தேதி இதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை நேச்சர் பத்திரிகையில் வெளியாயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் தங்களுக்குள்ளேயும் பிறத்தியாரிடமும் அடித்துப் புடைத்துப் பார்த்த பிறகு அவர்கள் எழுதியது, "உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது" என்பது மட்டுமே. உயிர் இல்லாமலும் இந்தக் கனிமங்கள் உண்டாகலாம், கடும் சூடு பட்டால் உண்டாகும், ஆனால் இந்தப் பாறை சூடு பட்டதாகத் தெரியவில்லை, வேறு ரசாயன வழிகளை இன்னும் தள்ளிவிட முடியாது என்று தங்களுக்கு எதிரான வாதத்தைத் தாங்களே எழுதி வைத்தார்கள். இந்த ஜாக்கிரதைக்குக் காரணம் உண்டு. 1976ல் வைக்கிங் யந்திரங்கள் மண்ணில் சத்துநீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு பரிசோதனை உயிர் உண்டு என்பது போல் காட்டியது, மற்றவை காட்டவில்லை. பெரும்பாலோர் அது மண்ணின் ரசாயனம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1996ல் செவ்வாயிலிருந்து வந்து விழுந்த ஒரு கல்லில் புழு போன்ற உருவைக் கண்டு உலகமே ஆர்ப்பரித்தது, அதுவும் நிலைக்கவில்லை. சுட்ட கைக்குப் புத்தி உண்டு.

ஆயிரக்கணக்கான பேர், எத்தனையோ வருஷம், கோடானுகோடி பணம் செலவிட்டு, அந்தக் கிரகத்தின் மேலேயே யந்திரத்தை இறக்கி, கல்லைச் சுரண்டிப் பார்த்துவிட்டு "இருக்கலாம்" என்கிறார்கள். நம் ஜோதிடர் அதை ஆகாயத்தில் அடையாளம் காட்டத் தெரியாமல், ஐம்பது ரூபாய் தட்சணை வாங்கிக்கொண்டு, "நிச்சயம்" என்கிறார். நாம் எந்தப் பேச்சை நம்பிப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறோம்?

நம்மவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். 2013 நவம்பர் 5ந் தேதி சீரரிக்கோட்டாவிலிருந்து மங்கள்யான் கிளம்பியது. சுமார் 450 கோடி ரூபாய் செலவு. திட்டத்தின் பெரும்பொறுப்புகளை வகித்தவர்களில் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக் கிராமத்தார், சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர். அது கொண்டுபோன கருவிகளில் ஒன்று மீத்தேன் வாயுவைத் தேடுவதற்கு. மீத்தேன் என்றால் சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே அதுதான். பூமியில் அது பெரும்பாலும் உயிர்களால் உண்டாவது, ஆகவே செவ்வாயில் இருந்தால் துப்புக் கிடைக்கும் என்று நினைத்தார்கள். அந்தக் கருவி எதிர்பார்த்த விடையைத் தரவில்லை, அதன் அளவுகளை வேறு காரியத்துக்கு, செவ்வாயின் தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று படம் போட, உபயோகித்துக்கொண்டார்கள். மீத்தேன் விவகாரம் இன்றும் தீரவில்லை. தரையில் ஓடுகிற கியூரியாசிட்டி கொஞ்சம் இருக்கிறது என்கிறது, மேலே சுற்றுகிற ஐரோப்பிய யந்திரம் இல்லை என்கிறது. ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட மங்கள்யான் ஏறக்குறைய எட்டு வருஷம் செவ்வாயைச் சுற்றி, 2022ல் தொடர்பற்றுப் போயிற்று.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. மங்கள்யான் கிளம்பிய நாள் செவ்வாய்க்கிழமை. "செவ்வாயோ வெறுவாயோ" என்று நம் பாட்டிமார் ஒரு நல்ல காரியமும் தொடங்காத கிழமை. ராக்கெட் புறப்பட்டது பிற்பகல் 2 மணி 38 நிமிஷத்துக்கு. பூமியைச் சுற்றும் பாதையில் மங்கள்யான் ராக்கெட்டை விட்டுப் பிரிந்தது சுமார் 44 நிமிஷம் கழித்து, அதாவது 3 மணி 22 நிமிஷத்துக்கு. செவ்வாய்க்கிழமை ராகுகாலம் 3 முதல் 4.30 வரை! அசல் ராகுகாலத்தில் தனிக்குடித்தனம் போன அந்தப் பெட்டி, 300 நாள் பயணம் செய்து, அத்தனை நாள் தூங்கிக் கிடந்த எஞ்சினைப் பற்றவைத்து, 2014 செப்டம்பர் 24ந் தேதி முதல் முயற்சியிலேயே செவ்வாயின் பாதையில் போய்ச் சேர்ந்தது. ராகுவும் தடுக்கவில்லை, செவ்வாயும் தடுக்கவில்லை.

"விஞ்ஞானிகளே ராக்கெட் பொம்மையைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் வைக்கிறார்களே, அதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. வைக்கிறார்கள், பத்திரிகைகளில் வந்திருக்கிறது, எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று பாருங்கள். எரிபொருளில் ஒரு குறை இருந்தால் அவர்கள் கிளப்புகிற நேரத்தை ஒத்திப்போடுகிறார்கள், பூஜை முடிந்துவிட்டது, சரியாகிவிடும் என்று கிளப்பிவிடுவதில்லை. தொழிற்சாலைக்குள் அவர்களும் பகுத்தறிவுக்காரர்கள்தான். வெளியே வந்த பிறகுதான் மனிதனுக்குப் பழைய பழக்கம் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு சீட்டு, சாட்சி முடிவாவது எப்போது என்று கேட்கிறது. அந்தச் சேற்றுப் பாறையிலிருந்து விரல் பருமனுள்ள ஒரு துண்டைக் குடைந்து எடுத்து, குழாயில் அடைத்து வைத்திருக்கிறார்கள். சபையர் கேன்யன் என்று அதற்குப் பெயர். அதைப் பூமிக்குக் கொண்டுவந்து பெரிய ஆய்வுக்கூடங்களில் வைத்துப் பார்த்தால்தான் திட்டமாகச் சொல்ல முடியும். கொண்டுவரும் ஏற்பாடு பணச்செலவின் காரணமாகத் தடுமாறி நிற்கிறது. அதுவரை குழாய் அங்கேதான்.

மூன்றாவது சீட்டு என் தங்கை மகளைப் பற்றியது. அவள் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எட்டாவதாக ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் ஜாதகம் கேட்டார்கள். அவளே பேசினாள், "ஜாதகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், வேண்டுமானால் என் சம்பளச் சீட்டையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் தருகிறேன், உங்கள் பிள்ளையினுடையதையும் கொடுங்கள்" என்றாள். அவர்கள் யோசித்துச் சொல்லுவதாகப் போயிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காரைக்குப் போய் அந்தக் கடல் ஓடுகளை நேரில் பார்த்துவர நம் தோழர்கள் ஒரு வேன் பேசியிருக்கிறார்கள். காலை 6 மணிக்குச் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள், குடிதண்ணீரை மறக்க வேண்டாம், கடல் இருந்த இடமானாலும் இப்போது அங்கே ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது. ஓடுகளைப் பாருங்கள், தொடுங்கள், ஆனால் பொறுக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறவனுக்கும் சாட்சி வேண்டும்.